பழுதானால் யார் திருத்துவது?
சங்கத்துக்கு ஒரு சிறு கணனி வாங்கிய அனுபவம்

மருதானைப் புகையிரத நிலையத்தில் நாம் மூவரும் இறங்கியபோது நேரம் பதினொரு மணியை எட்டியிருந்தது. கற்பிட்டிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, சிலாபத்தில் புகையிரதம் பிடித்து வந்திருந்தோம். எம்முடன் வந்தவர்கள் இருவர். ஒருவர் கிராமத்து மாதர் சிறுசேமிப்புச் சங்கத்தின் பொருளாளர். கருவாடு காயவைத்து விற்பவர். ஊரில் எல்லோருக்கும் அக்கா. மற்றவர் உயர்தரம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர். அக்காவின் கைப்பையில் சங்கத்தின் பணம் ஒரு இலட்சம் ரூபாய் இருந்தது. அதனால் வழி முழுவதும் அவர் கைப்பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

அந்தப் பணம் வெளிநாட்டு உதவியல்ல. வாரந்தோறும் பெண்கள் ஐம்பதும் நூறுமாகச் சேர்த்த பணத்தின் வட்டியிலிருந்து, பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தி ஒதுக்கப்பட்டது. நோக்கம், சங்கத்தின் கணக்குகளுக்கு ஒரு கணனி வாங்குவது. உண்மையைச் சொன்னால், இரண்டாவது கணனி வாங்குவது. முதலாவது கணனியை வாங்கிக் கொடுத்தவர்கள் நாமே. அது போன விதத்தை முதலில் சொல்லியாகவேண்டும். இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமும் அதுதான்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் உள்ளங்கையளவான கணனியொன்றைக் கண்டு நாம் வியந்தோம். புதியது, விலை மலிவு, சத்தமே இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த புகழுரைகளை வாசித்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அதன் நினைவகம் 4 கிகாபைட், சேமிப்பிடம் 64 கிகாபைட். இரண்டும் தாய்ப்பலகையில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டவை. கழற்றவோ கூட்டவோ முடியாதவை. ஓராண்டு நன்றாக வேலை செய்தது. பின்னர் விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளவும் இடமில்லாமல் நிறைந்துபோய், ஒரு கடிதத்தைத் திறக்கத் தேநீர் குடித்து முடியுமளவு நேரம் எடுத்தது. ஒருநாள் மின்சாரம் நின்று திரும்பி வந்தபோது கணனி திரும்பி வரவில்லை.

திருத்துநர் ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் தனியாக இருந்திருந்தால் கழற்றி வேறு கணனியில் போட்டு எடுத்திருக்கலாம், இது பலகையோடு ஒட்டியது" என்றார். கடன் பெற்றவர்கள், தவணை கட்டியவர்கள், சேமிப்பு வைத்தவர்கள் எல்லோருடைய கணக்கும் அந்தப் பலகைக்குள் அடங்கிவிட்டது.

சங்கத்தைக் காப்பாற்றியது ஒரு சீ.ஆர். கொப்பி. "இனிமேல் கையால் எழுதத் தேவையில்லை" என்று நாம் சொல்லியும், அக்கா இரவில் விளக்கடியில் இருந்து ஒவ்வொரு தவணையையும் எழுதிவந்திருக்கிறார். "மெஷினை நம்பாமல் இல்லை சுவாமி, பழகிப்போச்சு" என்று எம்மைப் புண்படுத்தாமல் சொன்னார். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால், நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணையால் ஏற்கெனவே நொந்துபோன அந்தப் பெண்கள் தமது சொந்தச் சங்கத்தையும் நம்பமுடியாத நிலை வந்திருக்கும்.

எனவே இம்முறை, எது புதியது, எது சிறியது என்ற கேள்விகளை ஒதுக்கிவைத்தோம். அக்கா புகையிரதத்தில் கேட்ட ஒரே கேள்வியை முதற்கேள்வியாக வைத்துக்கொண்டோம்: "சுவாமி, இது பழுதாப்போனா ஆர் திருத்துறது?"

முதலில் வேலையைக் கணக்கெடுப்போம்

கடைக்குப் போகுமுன் சங்கத்தின் வேலைகளைத் தாளொன்றில் எழுதினோம். சேமிப்பு, கடன் கணக்குகள், பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் தமிழில் கடிதங்கள், கூட்ட அறிக்கைகள், அவற்றை அச்சிடுதல், மாதத்தில் ஓரிரு தடவை இணையவழிக் கூட்டம், பிள்ளைகள் மாலையில் பாடம் பார்த்தல். அவ்வளவுதான். திரைப்படம் தொகுப்பதும் பெரிய விளையாட்டுகளும் அந்தப் பட்டியலில் இல்லை.

இவ்வேலைகளுக்கு 8 கிகாபைட் நினைவகமும் 256 கிகாபைட் எஸ்.எஸ்.டி. சேமிப்பிடமும் போதும். நினைவகத்தைப் பின்னர் 16 ஆக்கக்கூடிய வசதி இருந்தால் இன்னும் நல்லது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை விட எஸ்.எஸ்.டி. பல மடங்கு வேகமானது. ஐந்தாறு ஆண்டு பழைய கணனியும் எஸ்.எஸ்.டி. பொருத்தினால் புதியதுபோல் ஓடும். ஆகவே எஸ்.எஸ்.டி. இல்லாத கணனியை இன்று வாங்கவேண்டியதில்லை.

மடிக்கணனி வாங்கினால் என்ன என்று இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. மடிக்கணனிக்குள் மின்கலம் உண்டு, திரையும் கமராவும் உண்டு. ஊர் ஊராகச் செல்லும் களப்பணியாளருக்கு அதுவே பொருத்தம். ஆனால் சங்கங்களில் நாம் கண்ட ஒன்று உண்டு. சங்கத்துக்கென்று வாங்கப்படும் மடிக்கணனி முதல் மாதம் செயலாளர் வீட்டுக்குப் போகும். மூன்றாம் மாதம் அவருடைய மகனுடையதாகிவிடும். யாரும் கெட்ட எண்ணத்துடன் செய்வதல்ல, தூக்கிச் செல்ல இலகுவாக இருப்பதால் நடப்பது. மேசையில் திரையோடும் வயர்களோடும் இருக்கும் கணனி காரியாலயத்திலேயே இருக்கும். எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். அதன் விசைப்பலகை பழுதானால் விசைப்பலகையை மட்டும் மாற்றலாம். திரை உடைந்தால் திரையை மட்டும் மாற்றலாம்.

சிறு கணனிகள் நால்வகை

'மினி' என்ற பெயரில் கடைகளில் இருப்பவை எல்லாம் ஒன்றல்ல. நாம் விளங்கிக்கொண்ட அளவில் அவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, பெரிய அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்டவை. லெனோவோவின் திங்க்சென்டர் டைனி, ஹெச்.பி.யின் எலைட்டெஸ்க் மினி, டெல்லின் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ என்பன இவ்வகை. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு: நீளமும் அகலமும் 18 சென்டிமீற்றர், உயரம் மூன்றரை சென்டிமீற்றர். கொள்ளளவு ஒரு லீற்றர் போத்தலின் அளவுதான். பின்புறம் ஒரு திருகாணியைக் கழற்றினால் மூடி வந்துவிடும். உள்ளே மடிக்கணனிகளில் இருப்பதே போன்ற நினைவகத் துண்டுகள், கழற்றலாம், கூட்டலாம். வங்கிகளும் கம்பனிகளும் சில ஆண்டுகள் பாவித்துவிட்டு மொத்தமாகக் கழிப்பதால் இவை பழையனவாகவும் சந்தைக்கு வருகின்றன.

இரண்டாவது, சீனாவிலிருந்து புதிதாக வரும் சிறு பெட்டிகள். இவற்றில் பல இன்டெல்லின் 'என்100' சில்லைக் கொண்டவை. 2023இல் வந்த இச்சில்லு மிகக் குறைந்த மின்சாரத்தில் எமது பட்டியலிலுள்ள வேலைகள் அனைத்தையும் செய்யும். ஆனால் பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சிலவற்றில் நினைவகம் பலகையோடு ஒட்டியிருக்கும். மின் அடெப்டர் பழுதானால் அதே வகை கிடைக்குமா என்பதைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். கடைசியில் கடைக்காரரின் உத்தரவாதத்தில்தான் இவற்றின் தகுதி தங்கியுள்ளது.

மூன்றாவது, அப்பிளின் மக் மினி. 2005இல் முதன்முதல் வெளிவந்தது. 2024இல் வந்த மாதிரி ஒவ்வொரு பக்கமும் 12.7 சென்டிமீற்றராகச் சுருங்கிவிட்டது. மிக வேகமானது, நீண்டகாலம் உழைப்பது. அச்சகமோ ஒலிப்பதிவுக் கூடமோ நடத்துவோருக்கு ஏற்றது. ஆனால் வாங்கும்போதுள்ள நினைவகமே கடைசிவரை, பின்னர் கூட்டமுடியாது. எமது ஊர்ப்பக்கத்தில் அதைத் திறந்து பார்க்கக்கூடியவர் யாருமில்லை.

நான்காவது, ரேஸ்பெரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிள்ளைகள் கணனி கற்கவேண்டும் என்ற நோக்குடன் செய்யப்பட்டு, 2012 பெப்ரவரி 29ஆம் திகதி 35 டொலருக்கு விற்பனைக்கு வந்த ஒற்றைப் பலகைக் கணனி. பாடசாலைக்கும், நீரிறைக்கும் பம்பியைத் தானாக இயக்குவது போன்ற சோதனைகளுக்கும் மிக நல்லது. ஆனால் பொதுவாக ஒரு சிறு மெமரி கார்டிலிருந்து இயங்குவது. மின்சாரம் சட்டென்று நிற்கும் ஊரில் அந்தக் கார்ட் பழுதாகும் அபாயம் உண்டு. சங்கக் கணக்குக்கு நாம் அதைச் சிபாரிசு செய்யமாட்டோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிறு கணனி வகையைப் பரப்பிய 'நக்' என்ற பெட்டியை இன்டெல் நிறுவனமே செய்துவந்தது. 2023இல் அது அத்துறையிலிருந்து விலகி, அப்பணியை அசுஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பெயர்பெற்ற நிறுவனமும் ஒருநாள் விலகலாம். அப்போது பொதுவான உதிரிப்பாகங்களால் ஆன இயந்திரமே தப்பிப் பிழைக்கும்.

மின்சாரக் கணக்கு

எமது சங்கத்துக் காரியாலயத்தின் முற்றத்தில் நின்றால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். நாட்டுக்கு 900 மெகாவொட் கொடுக்க அமைக்கப்பட்ட நிலையம் அது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது எமது ஊரும் இருளில்தான் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் முழுத் தீவும் இருண்டது. நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றுபோயின. ஆகவே கணனி வாங்கும்போது மின்சாரத்தைப் பற்றி நினைக்காமலிருக்க முடியாது.

பழைய பெரிய டவர் பெட்டியொன்று திரையுடன் சேர்ந்து வேலை செய்யும்போது ஏறத்தாழ 120 வொட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அலுவலக வகைச் சிறு கணனியொன்று சாதாரண வேலையில் 15 முதல் 25 வொட் எடுக்கும், சிறிய எல்.ஈ.டி. திரையுடன் சேர்த்தால் 40 வொட் அளவில் நிற்கும். நாளுக்கு ஆறு மணித்தியாலம், மாதத்தில் 25 நாள் என்று கணக்கிட்டால் டவருக்கு 18 அலகு, சிறு கணனிக்கு 6 அலகு. மாதத்தில் 12 அலகு மிச்சம். மின்பட்டியல் 30, 60, 90 என்று படிப்படியாக ஏறும் வீட்டுக்கு, அந்த 12 அலகு ஒரு படியைக் கடக்காமல் காக்கவும் கூடும்.

இதைவிடப் பெரிய நன்மை யூ.பி.எஸ்.ஸில் உண்டு. சாதாரண 650 வீ.ஏ. யூ.பி.எஸ்.ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி மின்கலம் ஒன்று இருக்கும். அதாவது 84 வொட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்பெல்லாம் போகப் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். 120 வொட் டவருக்கு அது 20 நிமிடம். 40 வொட் சிறு கணனிக்கு, மின்கலம் புதிதாக இருக்கும்வரை, ஒரு மணித்தியாலம். தவணை கட்ட வந்து நிற்கும் பெண்களைத் திருப்பி அனுப்பாமல் அன்றைய கணக்கை முடிக்க அந்த ஒரு மணித்தியாலம் போதும்.

பஞ்சிகாவத்தை கற்பிக்கும் பாடம்

புதியதா, பழையதா? கையிலிருந்த பணத்துக்குள் கணனி, திரை, யூ.பி.எஸ். எல்லாம் அடங்கவேண்டும் என்பதால் பழையதைப் பார்ப்பதென்று முன்னரே முடிவு செய்திருந்தோம். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியபின், இறக்குமதிப் பொருட்களின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலையும் உலகெங்கும் ஏறியது. போதிய நினைவகம் ஏற்கெனவே பொருத்தப்பட்ட பழைய கணனிக்கு இதனால் இன்னும் மதிப்பு.

பழையது என்றதும் அக்கா தயங்கினார். மருதானையிலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள பஞ்சிகாவத்தையை நினைவூட்டினோம். எமது ஊர் லொறிக்காரர்களும் ட்ரக்டர்காரர்களும் உதிரிப்பாகம் தேடி வருவது அங்குதான். அவர்களில் யாரும் மெக்கானிக் இல்லாமல் பழைய எஞ்சின் வாங்குவதில்லை. ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள், சத்தம் கேட்பார்கள், எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பார்கள். 'ரீகண்டிஷன்' வாகனம் எமது மக்களுக்குப் புதிதல்ல. கணனி விடயத்தில் மட்டும், பளபளக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டிவிடுகிறோம்.

அன்று மருதானையிலும் புறக்கோட்டையிலும் நாலைந்து கடைகள் ஏறி இறங்கினோம். பிற்பகல் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கும் போனோம். ஓரிடத்தில் மூடியைக் கழற்றிக் காட்டும்படி கேட்டபோது, "திறந்தால் உத்தரவாதம் போய்விடும்" என்றார்கள். வணக்கம் சொல்லி வெளியேறினோம். இன்னொரு சிறிய கடையில் இருந்த தம்பி கேட்குமுன்னரே திருகாணியைக் கழற்றினார். "வாங்க அக்கா, உள்ளே பாருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். எமது கொள்வனவு அங்குதான் நடந்தது.

பார்க்கவேண்டியவற்றை வாசகர்களின் பயனுக்காக வரிசைப்படுத்துகிறோம்:

1. சில்லின் எண். 'ஐ5-8500டி' என்றிருந்தால் முதல் இலக்கமான 8 அதன் தலைமுறையைக் குறிக்கும். கடைசியிலுள்ள 'டி' குறைந்த மின்சார வகை என்பதைக் காட்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கவேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணனிகள் மலிவாக விற்கப்படுவதற்கு இதுவே காரணம். லினக்ஸ் பழகியவர் அவற்றைத் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் விலையைக் கண்டு மயங்கவேண்டாம்.

2. நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் கழற்றக்கூடியவையா? இரண்டாவது நினைவகத்துக்கு இடம் காலியாக உண்டா? கண்ணால் பாருங்கள்.

3. எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியம். 'கிறிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச மென்பொருள், அது எத்தனை மணித்தியாலம் ஓடியது, இன்னும் எவ்வளவு வீதம் நலமாக உள்ளது என்பதைக் காட்டும்.

4. அடெப்டர். அந்தக் கணனியின் சொந்த அடெப்டர்தானா? சில இயந்திரங்கள் தமது அடெப்டரை இனங்காணாவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

5. பூட்டு. பழைய அலுவலகம் வைத்த கடவுச்சொல், தொடக்க அமைப்புப் பக்கத்தில் இன்னும் இருக்கிறதா? கடையிலேயே திறந்து பார்க்கவேண்டும். வீட்டுக்கு வந்தபின் அதைத் திறப்பது பெரும்பாடு.

6. திரைக்கான துளை. இவ்வகைக் கணனிகள் பலவற்றில் 'டிஸ்ப்ளே போர்ட்' மட்டுமே உண்டு. உங்கள் திரை வீ.ஜீ.ஏ. அல்லது எச்.டி.எம்.ஐ. என்றால் மாற்றும் வயரையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

7. வைபை உண்டா? அலுவலகங்கள் வயரில் ஓடியதால் சிலவற்றில் வைபை பொருத்தப்பட்டிருக்காது. ஒலிபெருக்கியும் கமராவும் தனியாக வேண்டியிருக்கும்.

8. அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். விசிறி இரைகிறதா, சூடு கையைச் சுடுகிறதா என்று பாருங்கள்.

9. உத்தரவாதம் எழுத்தில் வேண்டும். எத்தனை மாதம், எந்தெந்தப் பாகத்துக்கு என்பது பற்றுச்சீட்டில் இருக்கவேண்டும். தொலைவிலிருந்து வருவோர், பழுதானால் பொதியாக அனுப்பலாமா என்பதையும் கேட்கவேண்டும்.

பணத்தை ஏறத்தாழ இப்படிப் பங்கிட்டோம்: பத்தில் ஆறு பங்கு கணனிக்கு; இரண்டு பங்கு பழைய திரைக்கும் விசைப்பலகைக்கும்; இரண்டு பங்கு யூ.பி.எஸ்.ஸுக்கும், பிரதி எடுத்துவைக்க ஒரு வெளி டிஸ்க்குக்கும். கடைசி இரண்டு பங்கைக் கணனியிலேயே போட்டு இன்னும் வேகமானதை வாங்கலாமே என்று கடையில் ஒருவர் ஆலோசனை சொன்னார். எமது முதற்கணனியில் இல்லாமற்போனவை யூ.பி.எஸ்.ஸும் பிரதியும்தான் என்பதை அக்கா மறக்கவில்லை.

பழைய கணனிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஒரு நாட்டின் நச்சுக் கழிவை இன்னொரு நாட்டில் கொட்டுவதைக் கட்டுப்படுத்த 1989இல் பாசல் உடன்படிக்கை உருவானது. பழுதான மின்னணுப் பொருட்களும் இன்று அந்தக் கேள்விக்குள் அடங்குகின்றன. வேலை செய்யும் கணனியை இன்னும் ஐந்தாண்டு பாவிப்பது சிக்கனமும் பொறுப்புமாகும். வேலை செய்யாததை 'நன்கொடை' என்ற பெயரில் கிராமத்துக்கு அனுப்புவது குப்பை கொட்டுவதே. நன்கொடையாக வரும் கணனிகளையும் மேற்சொன்ன ஒன்பது கேள்விகளையும் கேட்டே ஏற்றுக்கொள்ளுங்கள்.

தமிழும் பழைய கோப்புகளும்

எமது நிலையத்தில் இருபத்தைந்து ஆண்டுக் கடிதங்களும் அறிக்கைகளும் 'பாமினி' எழுத்துருவில் கிடக்கின்றன. இலங்கையில் பல சங்கங்களுக்கும் பங்குக் காரியாலயங்களுக்கும் இதே நிலைதான். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலமாகத் தெரியும். ஆகவே பழைய கணனியைக் கைவிடுமுன் பாமினி எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். முக்கியமான கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். அதற்கு இலவச மாற்றிகள் உண்டு. புதிய வேலைகளை யுனிகோட்டிலேயே தொடங்குங்கள். ரெங்கநாதன் விசைப்பலகை பழகியவர்களுக்கு அதே முறை யுனிகோட்டிலும் உண்டு.

மென்பொருளைப் பற்றி ஒரு சொல். அலுவலகங்களுக்கென்று விற்கப்பட்ட கணனிகள் பலவற்றில் விண்டோஸ் உரிமம் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும், கடையிலேயே சரிபார்க்கலாம். கணக்குக்கும் கடிதத்துக்கும் 'லிப்ரே ஒபிஸ்' என்ற இலவசத் தொகுப்பு போதும். திருட்டுப் பிரதிகள் நேர்மைக்குப் புறம்பானவை என்பது ஒருபுறமிருக்க, வைரஸ் பெரும்பாலும் அந்த வழியில்தான் நுழைகிறது.

உப்புக்காற்றும் ஒரு தூரிகையும்

கடலோரக் கிராமத்தில் கணனிக்கு உப்புக்காற்றும் மணலும் பெரும் எதிரிகள். உப்பு ஈரத்துடன் சேர்ந்து உலோக முனைகளை அரிக்கும். தூசு விசிறியை அடைத்துச் சூட்டை ஏற்றும். எமது புதிய 'பழைய' கணனியைக் கடற்கரைப் பக்க யன்னலிலிருந்து தள்ளி, திரையின் பின்புறத்தில் பொருத்தி வைத்துள்ளோம். இடி மின்னல் மிகுந்த ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுவது கட்டாயம். இணையத்துக்கு வரும் வயரையும் சேர்த்துத்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து தூசு தட்டும் வேலையை இளைஞர் பொறுப்பேற்றார். இரண்டாவது தடவை அவர் வேலை தேடிக் கொழும்புக்குப் போயிருந்தார். மின்வயரைக் கழற்றிவிட்டு, சிறிய பெயின்ற் தூரிகையால் விசிறியைச் சுத்தம் செய்து, அந்த ஒரு திருகாணியை மீண்டும் பூட்டியவர் அக்கா. மருதானைக் கடையில் அந்தத் தம்பி செய்ததைக் கவனித்து வைத்திருந்தாராம்.

1990களின் இறுதியில் கொத்மலைச் சமூக வானொலி ஒரு நல்ல முன்மாதிரியைக் காட்டியது. யுனெஸ்கோவின் துணையுடன் இணைய இணைப்பைப் பெற்ற அந்த நிலையம், மக்கள் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியிலேயே சொன்னது. ஒரு சில கணனிகளைக் கொண்டே ஒரு பள்ளத்தாக்கு மக்கள் பயன்பெற்றனர். கணனியின் பெறுமதி எத்தனை பேருக்கு அது பொதுவாக இருக்கிறது என்பதில்தான் என்பதை அன்றே அது காட்டியது.

எமது சங்கத்தில் இப்போது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கணக்கு அச்சிடப்படுகிறது. கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, அங்கத்தவர்கள் கையொப்பமிட்டபின் கோப்பில் போடப்படுகிறது. வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுக்கப்பட்டு இன்னொரு வீட்டில் வைக்கப்படுகிறது. சீ.ஆர். கொப்பியும் தொடர்கிறது. இம்முறை அதை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை.

குழுக்களில் கலந்துரையாட:

* எமது சங்கத்தின் கணக்கு இன்று எங்கே, எத்தனை பிரதிகளாக இருக்கிறது?
* கணனி பழுதானால் அதைத் திறந்து பார்க்கக்கூடியவர் எமது ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?
* சங்கத்தின் கணனியை இயக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்?
* கடைசியாக எமக்கு நன்கொடையாக வந்த இயந்திரம் இப்போது எந்த நிலையில் உள்ளது?